இரண்டு லட்சம் ஓடிய வண்டி: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பத்து வயதைத் தாண்டிய கார்களைப் பற்றியவை. புது வண்டி விலை போகிற போக்கில் இது ஆச்சரியமில்லை.

2012 ஸ்விஃப்ட் டீசல் ஒன்று வருகிறது. 1,78,000 கி.மீ. ஓட்டம், ஒரே ஓனர், பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா? மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்றும் பயம். (திண்டுக்கல்)

பெயின்ட்டை விடுங்கள், பாலிஷ் போட்டால் எந்த வண்டியும் பளபளக்கும். நீங்கள் பார்க்கப் போவது 1.3 லிட்டர் ஃபியட் மல்டிஜெட் எஞ்சின். மாருதி, டாடா, ஃபியட் மூன்றும் பல மாடல்களில் இதைத்தான் வைத்தார்கள். 'தேசிய எஞ்சின்' என்று கிண்டலாகவே ஒரு பெயர் உண்டு. 2020-ல் மாருதி டீசலை நிறுத்திவிட்டாலும் சின்ன ஊரில்கூட இதற்குப் பார்ட்ஸ் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். 1,78,000 என்ற எண் என்னைப் பயமுறுத்தவில்லை. ஆயில் மாற்றிய பில் ஒன்றுகூட இல்லை என்று ஓனர் சொன்னால்தான் பயப்படுவேன்.

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ ஓட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் இந்த எஞ்சினில் கிடையாது, அதற்குப் பதில் செயின். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ஆயிலைக் கவனிக்காமல் ஓட்டிய வண்டியில் செயின் தளர்ந்துபோய், ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் 'சரசர'வென்று உரசும். ஓரிரு நொடியில் அடங்கினால் சரி, தொடர்ந்தால் செலவு இருக்கிறது. எஞ்சின் சூடாகிவிட்டால் இந்தச் சத்தம் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும், அதனால்தான் காலையில் போகச் சொன்னேன்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வருவது சகஜம். ரயில் எஞ்சின் மாதிரி குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், பேரம் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடலாம். பிறகு ஒரு மேட்டில் நாலாவது கியரில் அழுத்திப் பாருங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் போயிருக்கிறது. அது வண்டியை ஒதுக்கக் காரணமில்லை, விலையைக் குறைக்கக் காரணம்.

மீட்டர் விஷயம்: கி.மீ. காட்டும் எண்ணை மாற்றலாம், மிதிபட்ட ரப்பரை யாரும் மாற்றுவதில்லை. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல் பகுதி, டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் ஓரம் மூன்றும், உதாரணமாக, எழுபதாயிரம் ஓட்டத்துக்கு வழவழவென்று தேய்ந்திருக்காது. மீட்டர் காட்டுவதற்கு மீறித் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால் பழைய சர்வீஸ் விவரம் கிடைக்கும். ஓனரையே கூட்டிப் போங்கள், வர மறுத்தால் பதில் தெரிந்துவிட்டது. வண்டி சென்னையிலிருந்து வந்ததா என்றும் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எல்லோரும் கம்பளத்தைத் துவைப்பார்கள், பெல்ட்டின் உள்பகுதியில் படிந்த சேற்றை மறந்துவிடுவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் வாங்குங்கள். ஆனால் கையில் உள்ள மொத்தத்தையும் ஓனரிடம் கொடுத்துவிடாதீர்கள். முதல் ஆறு மாதத்துக்கென்று தனியாக ஒரு தொகை இல்லாமல் இந்த வயது வண்டியை வாங்கக் கூடாது.

2010 இன்னோவா, 3,10,000 கி.மீ. எந்தத் தொந்தரவும் இல்லை. டைமிங் பெல்ட் மாற்றினீர்களா என்று நண்பர் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும். (கரூர்)

இந்த வாரமே மாற்றுங்கள். திருப்பதி, சபரிமலை என்று திட்டம் ஏதாவது இருந்தால் அதற்கு முன்னால்.

உங்கள் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நின்றுவிடும், பிஸ்டன் மேலே வந்து மோதும். பெல்ட்டுக்கு ஆகும் காசு ஒரு சர்வீஸ் செலவு, அறுந்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டும். முந்தைய ஓனர் மாற்றியிருக்கவும் கூடும். ஆனால் பில்லோ, பெல்ட் கவரில் ஒட்டிய தேதிச் சீட்டோ இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டோடு டென்ஷனரையும், பெல்ட் உருண்டு ஓடும் ஐட்லர் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். புது பெல்ட்டைப் பழைய பேரிங்கில் ஓட்டி, பேரிங் இறுகிப் பெல்ட் போன கதை எங்கள் ஷெட்டிலேயே நடந்திருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் ஐ10, 800 சிசி ஆல்டோ இவையெல்லாம் பெல்ட் வண்டிகள். 1.2 கப்பா எஞ்சின் ஐ10, கே10 ஆல்டோ செயின் வண்டிகள். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வருஷமும் கணக்கு. ஓடாமல் நின்றாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

வேகன் ஆர், 2011. டிராஃபிக்கில் நின்றால் ஹீட் முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. "நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே, கழட்டிடலாம்" என்கிறார் மெக்கானிக். (மதுரை)

இந்த வசனத்தை நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். தொழில் பழகும்போது நானே பத்துப் பதினைந்து வண்டியில் கழற்றியிருக்கிறேன், பாவம் என் தலையில்தான்.

தெர்மோஸ்டாட் ஒரு கதவு. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியிருந்து, கூலன்ட் எண்பது டிகிரியைத் தாண்டியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். கழற்றிவிட்டால் ஹைவேயில் எஞ்சின் சூடே ஏறாமல் ஓடும், கம்ப்யூட்டர் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். மைலேஜ் போகும், ஆயில் கெடும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் அந்தக் கதவு இல்லாததால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸ் வழியாகத் திரும்பிவிடும். சூடு குறைவதற்குப் பதில் கூடும். தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தால் புதிது போடுங்கள், பெரிய விலையில்லை.

உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது: நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஆகவே முதலில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா, முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார் என்ற வரிசையில் தேட வேண்டும். அடுத்து ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் உள்ளே பிரஷர் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். இத்துனூண்டு மூடியை மாற்றாமல் ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

கடைசியாக, உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது? போர் தண்ணீர் என்றால் பிரச்சினையின் ஊற்று அதுதான். வீட்டு ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. கழுவிவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். எஞ்சின் ஆறாமல் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு ஓரம் கட்டுங்கள். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

1.6 லட்சம் ஓடிய பெட்ரோல் வண்டி. ஆயில் குறைகிறது. 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் போட்டால் சரியாகும் என்கிறார்கள். (ஈரோடு)

குறைவது தெரியாமல் போகும், சரியாகாது. எவ்வளவு குறைகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். ஆயிரம் கி.மீ.க்குக் கால் லிட்டர் என்றால் டிக்கியில் ஒரு டின் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம். ஒரு லிட்டரைத் தொட்டால் வேலை பார்க்க வேண்டும்.

எங்கே போகிறது என்பதைப் புகை சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், பெரும்பாலும் எஞ்சினை இறக்காமலே முடிக்கலாம். அழுத்தும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங். புகையே இல்லாமல் குறைந்தால் வண்டி நின்ற இடத்தில் ஒரு அட்டையைப் போட்டு வைத்து, காலையில் பாருங்கள். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்து, கூலன்ட்டும் குறைந்து, ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரிப் படிந்திருந்தால் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் போய்விட்டது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்றைய எஞ்சின்களில் ஆயில் போகும் வழிகள் குறுகல். கெட்டி ஆயில் காலையில் மேலே ஏறத் தாமதமாகும். வண்டிப் புத்தகம் அனுமதித்தால் ஆயிலின் கெட்டியில் ஒரு படி மட்டும் ஏறுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டொக் டொக்'. ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். (தஞ்சாவூர்)

சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடையும் (சின்ன இணைப்புக் கம்பி) லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (ரப்பர் உறை) பார்த்தார்களா? ஷாக்கில் ஆயில் வழியவில்லை, வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒரே ஆட்டத்தில் நிற்கிறது என்றால் அதைத் தொட வேண்டாம். விலை குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள்.

2009 மாடல் பெட்ரோல் கார். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலால் எஞ்சின் போய்விடுமா? (வேலூர்)

எஞ்சின் ஒரே நாளில் போகாது. மைலேஜ் கொஞ்சம் குறையும், ஏனென்றால் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. உங்கள் வண்டிக்கு உண்மையான கவலை ரப்பர்தான். 2023 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளின் பாகங்கள் இதற்கென்று செய்தவை, உங்களுடையவை அல்ல. ஃபியூயல் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட் இவற்றை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து வருஷ ஹோஸை எப்படியும் மாற்றியிருக்க வேண்டும். பெட்ரோல் வாடை வந்தால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஓட்டாதீர்கள், அது தீ விஷயம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தவும் வேண்டாம்.

பதினைந்து வருஷம் முடிந்தால் வண்டியை உடைத்துவிடுவார்களாமே? டெல்லி வண்டி ஒன்றும் மலிவாக வருகிறது. (சேலம்)

நம் மாநிலத்தில் அப்படியில்லை. சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம். அதன்பிறகு ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள், கணக்கில் வையுங்கள். டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற வயது வரம்பு டெல்லி வட்டாரத்துக்கானது. அதனால்தான் அங்கிருந்து மலிவாக வருகிறது. அங்கத்திய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவும் சாலை வரியும் சேர்த்துப் பார்த்தால் மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் எஞ்சின் வாங்கி மாற்றலாமா? (செங்கல்பட்டு)

மாற்றலாம், எஞ்சினுக்கு பில் இருந்தால். எஞ்சின் எண் மாறுவதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில் தலைவலி. ஓடும் நிலையில் கேட்டுப் பார்க்காத எஞ்சினை வாங்குவதைவிட உங்கள் எஞ்சினையே லேத்தில் கொடுத்துச் செய்வது மேல் என்பது என் கட்சி.

அப்பாவின் 2010 ஆல்டோ, வெறும் 38,000 கி.மீ. வாரம் ஒருநாள் கோயிலுக்கு மட்டும். நம்பி ஊட்டிக்கு எடுத்துப் போகலாமா? (பொள்ளாச்சி)

இப்போதைக்கு வேண்டாம். இந்தப் பக்கத்தில் உள்ள வண்டிகளில் எனக்கு அதிகப் பயம் தருவது உங்களுடையதுதான்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014-ன் 23-வது வாரம். பட்டன் முழுசாக இருந்தாலும் அந்த வயது டயர் மலை இறக்கத்துக்கு ஆகாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய ஆயிலோடு கோத்தகிரி இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் தரையைத் தொடும். டயர், பிரேக் ஆயில், கூலன்ட், எஞ்சின் ஆயில், பெல்ட்கள் ஐந்தையும் முடித்து, அவிநாசி வரை ஒருமுறை போய் வந்து பார்த்த பிறகு மலை ஏறுங்கள்.

அப்புறம் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் ஒயர் கட்டுகளின் அடியிலும் பாருங்கள். வாரம் ஒருமுறை ஓடும் வண்டியில் எலி குடும்பம் நடத்துவது வழக்கம். போன மாதம் இப்படி ஒரு ஆல்டோவின் ஃபில்டர் பெட்டியில் கோயில் தேங்காய்ச் சில்லும் நாலு குட்டியும் இருந்தன.