பையனுக்கு என்ன புடிக்கும்னே தெரியலன்னு கேட்ட நீடாமங்கலம் அண்ணனுக்கு

அண்ணே, வாய்ஸ் மெசேஜ் முழுசா கேட்டேன். பி.இ. மெக்கானிக்கல் முடிச்சான், சென்னைல ஒரு ஆபீஸ்ல நாள் பூரா எக்செல் பாக்குற வேலை, புடிக்கலன்னு வந்துட்டான், இப்ப குரூப் 4 கோச்சிங் போறான் ஆனா புக்க தொறக்கறதே இல்ல, "உனக்கு என்னதான்டா புடிக்கும்"னு கேட்டா "தெரியல"ங்குறான். திமிர்ல சொல்லலண்ணே, நெஜமாவே தெரியாது. பத்தாவதுலேர்ந்து நாம அவன்கிட்ட கேட்டதெல்லாம் மார்க்குதான். இப்ப வந்து என்ன புடிக்கும்னா முழிக்கத்தான் செய்வான்.

ஆனா உங்க மெசேஜ்லயே ஒரு விஷயம் இருக்கு. கொள்முதல் நிலையத்துல மூட்டைக்கு காவல் இருடான்னா, நெல் தூத்துற மிஷின்காரரோட நின்னு பெல்ட்ட மாட்டிக்கிட்டு இருந்தான்னு கொறையா சொன்னீங்க பாருங்க, அத நான் தனியா குறிச்சி வச்சிருக்கேன். நெல்லுல 17 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம், எடுக்க மாட்டோம்னு சொன்னதுக்கு அங்க ஊரே சண்டை போட்டுக்கிட்டு இருக்கறப்ப இவன் கண்ணு மிஷின் மேல இருந்திருக்கு, யாரும் சொல்லல, காசும் கெடையாது. இந்த ஒண்ண வச்சி முடிவு பண்ண முடியாதுதான். இது மாதிரி இன்னும் நாலஞ்சு இருக்கும், அத அவனே தோண்டி எடுக்கணும்.

ஒரு நோட்டு வாங்கிக் குடுங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி, இன்னிக்கு எத யாரும் சொல்லாம செஞ்சேன், எது செய்யறப்ப ஃபோன எடுக்கவே தோணல, எது எரிச்சலா இருந்துச்சு, ஏன், இவ்வளவுதான் எழுதணும். அந்த "ஏன்"லதான் சரக்கு இருக்கு. சென்னை வேலையையும் அப்படியே பிரிச்சி எழுதச் சொல்லுங்க. உக்காந்தே இருக்கறது புடிக்கலயா, மேனேஜர் கத்துறதா, ரூம் சாப்பாடா? மேனேஜர்தான் பிரச்சனைன்னா கம்பெனி மாறுனா போதும், உக்காந்து செய்யற வேலையே ஒத்துக்கலன்னா அது வேற கணக்கு.

ஜான் ஹாலண்ட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1959ல மனுசங்களோட வேலை ஆர்வத்த ஆறு வகையா பிரிச்சார், ஆன்லைன்ல வர்ற நெறைய டெஸ்ட்டுக்கு அதான் அடிப்படை. பண்ணிப் பாக்கட்டும், தப்பில்ல. ஆனா நம்ம புள்ளைங்க பாதி பேரு அப்பாவுக்கு எது புடிக்கும்னு நெனச்சிதான் டிக் அடிக்கிறாங்க, அதனால நான் நோட்டத்தான் அதிகமா நம்புவேன்.

குரூப் 4ஐ விடச் சொல்லலண்ணே. அதுல வர்ற விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வேலைன்னா அடங்கல், அதான் எந்த வயல்ல என்ன பயிர்ங்குற கணக்கு, எழுதணும், பயிர் காப்பீட்டுக்கு வர்றவங்களுக்கு பதில் சொல்லணும், மழைல சம்பா சாஞ்சா வயல் வயலா எறங்கி கணக்கெடுக்கணும், சர்டிபிகேட் கேட்டு ஜனம் வந்துக்கிட்டே இருக்கும். சில பேருக்கு அது அல்வா மாதிரி. இவனுக்கு எப்படின்னு தெரிய, உங்க ஊரு விஏஓகிட்ட கேட்டு ஒரு நாள் அவரு கூடவே போய் பாக்கச் சொல்லுங்க, பாத்துட்டு வந்து ராத்திரி நோட்டுல எழுதட்டும்.

அதே மாதிரி தெரிஞ்ச ரைஸ் மில்லு ஒண்ணுல கொஞ்ச நாள் நிக்கட்டும். டிரையர், உமி நீக்குற மிஷின், நெறம் மாறுன அரிசிய தனியா பிரிக்கிற கலர் சார்ட்டர்னு எவ்வளவோ இருக்கு, இதுக்கு சர்வீஸ் எஞ்சினியர் வேலையே தனியா இருக்கு, ஆனா அலைச்சல், சீசன்ல ராத்திரியும் கூப்புடுவாங்க, அதையும் பாத்துத்தான் சொல்லணும். தஞ்சாவூர்ல நிஃப்டெம்னு மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, அங்க உணவு பதப்படுத்துற மிஷின்கள்ல பயிற்சியும் குடுக்குறாங்க, நேர்ல போயி விசாரிங்க.

கல்விக் கடன் மாசத் தவணை, வீட்டுக்கு குடுக்க வேண்டியது, அவன் செலவு, எல்லாம் கூட்டி கொறஞ்சது மாசம் எவ்வளவு வேணும்னு அதே நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதச் சொல்லுங்க. அதுக்குக் கீழ வர்ற வேலைய இப்போதைக்கு தள்ளி வைக்கலாம்.

நோட்ட மட்டும் நீங்க எடுத்து படிச்சிடாதீங்க. படிக்கிறீங்கன்னு தெரிஞ்சா மறுநாளே உங்களுக்குப் புடிச்ச மாதிரி எழுத ஆரம்பிச்சிடுவான். எழுதி முடிச்சதும் அவனையே எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்கண்ணே, நீங்க பக்கத்துல இல்லாதப்ப.