சங்கம், சந்தா, குழு: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

கலிபோர்னியாவில் குடும்ப சிகிச்சையாளராக உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 3,000 மணி நேரப் பயிற்சியை எப்படி முடித்தேன் என்பது எனக்கும் என் கணவருக்கும்தான் தெரியும். இப்போது எங்கள் தொழில்முறைச் சங்கத்தின் நெறிமுறைக் குழுவில் சேர அழைக்கிறார்கள். மாதம் ஒரு மாலை, கூலி கிடையாது. சந்தாவும் கட்டிவிட்டு வேலையும் நானே செய்ய வேண்டுமா? சென்ற ஆண்டு நிகழ்ச்சிக் குழுவில் இருந்தேன். மதிய உணவை எங்கே சொல்வது என்பதிலேயே மூன்று கூட்டங்கள் போயின. ஊர்த் திருவிழாக் கமிட்டியே மேல். உருப்படியாக ஏதாவது செய்வதென்றால் எல்லோரும் சேர்ந்து ஒரு குறைந்தபட்சக் கட்டணத்தை முடிவு செய்யலாமே? காப்பீட்டு நிறுவனங்களிடம் கெஞ்ச வேண்டியிருக்காது. இதைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள். சேரலாமா, வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேச்சை மாற்றியவர்கள் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கட்டண விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

தனித்தனியாகத் தொழில் நடத்துகிறவர்கள் கூடி உட்கார்ந்து விலை பேசிக்கொள்வது, 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டப்படி அமெரிக்காவில் சட்டவிரோதம். ‘அதெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்கும் இரும்பு ஆலைக்கும்தான், எங்களைப் போன்ற படித்தவர்களுக்கு இல்லை’ என்று வழக்கறிஞர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் வீடு வாங்கப் போன கோல்ட்ஃபார்ப் தம்பதி, பத்திரத்தைச் சரிபார்த்துக் கொடுக்க 36 வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கட்டணம் கேட்டார்கள். 19 பேர் பதில் போட்டார்கள். வழக்கறிஞர் சங்கம் அச்சிட்டிருந்த பட்டியல் விலைக்குக் கீழே ஒருவர்கூட இறங்கவில்லை. 1975இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டியல் செல்லாது என்றது. தொழில்முறைச் சங்கங்களின் குழுக்கள் கட்டணம் என்ற சொல்லைக் கேட்டாலே பதறுவதற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

நான் இருந்த ஒரு குழுவில் (சங்கத்தின் பெயர் வேண்டாம்) புதிதாக வந்த ஒருவர் இடைவேளையில், “நீங்களெல்லாம் மணிக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்? யாரும் அதற்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது” என்றார். எங்கள் தலைவி எழுபது வயதுக்காரர், கூட்டம் முழுக்கப் பின்னல் போட்டுக்கொண்டிருப்பவர். ஊசிகளை மேசைமேல் வைத்தார். “இந்தப் பேச்சு இங்கே நிறுத்தப்பட்டது என்று மினிட்ஸில், கூட்டக் குறிப்பில், எழுதுங்கள்” என்று என்னிடம் சொன்னார். எழுதினேன். அவர் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

ஆனால் சேர்ந்து அரசிடம் போய்க் கேட்பதற்குத் தடை இல்லை. 2023 முடியும்வரை, உங்களிடம் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு 65 வயதாகி, முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு மாறினால், நம்மிடம் வந்ததற்கு மெடிகேர் ஒரு காசு தராது. நான்கு ஆண்டுகளாகத் தன் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லியிருந்த ஒரு பாட்டியை அப்படி ஒரு பிறந்தநாளுக்குப் பிறகு வேறொருவரிடம் அனுப்பிவைத்திருக்கிறேன். அந்தக் கதவு 2024 ஜனவரி 1 அன்று திறந்தது. உளவியலாளருக்குக் கொடுப்பதில் 75 சதவீதம்தான் நமக்கு, இருந்தாலும் திறந்தது. அதற்கான மசோதா வருவதும் விழுவதுமாக எத்தனையோ காங்கிரஸ்கள் (இங்குள்ள நாடாளுமன்றம்) மாறின. ஒவ்வொரு முறையும் உறுப்பினர்கள் தத்தம் பிரதிநிதிக்கு மறுபடி கடிதம் எழுதினார்கள், வாஷிங்டன் போய்ப் பத்து நிமிடம் பேச ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். உரிமத்தின் கதையும் இதேதான். 1963இல் கலிபோர்னியாவில் தொடங்கியது, ஐம்பது மாநிலங்களையும் எட்ட 2009 ஆயிற்று. காப்பீட்டுக் கோபம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் சட்டமன்றத் தொடர்புக் குழு என்று ஒன்று இருக்கும், அங்கே போங்கள்.

உங்களை அழைத்திருப்பது நெறிமுறைக் குழு. நான் நிறையச் சொல்ல விரும்புவது அதைப் பற்றித்தான்.

மற்ற சிகிச்சையாளர்களுக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். நமக்கு எதிரே ஒரு வீடே உட்கார்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை கணவர் தனியாக ஃபோன் செய்கிறார். இன்னொரு பெண்ணோடு உறவு இருக்கிறது, மனைவிக்குச் சொல்லிவிடாதீர்கள் என்கிறார். வியாழக்கிழமை இருவரும் உங்கள் சோபாவில் அருகருகே. “இவர் இப்போதெல்லாம் ஏன் இப்படி இருக்கிறார் என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்” என்கிறார் மனைவி. அந்த நொடியில் உங்கள் வாயைக் கட்டுவது ஒரு வாக்கியம். ஒருவர் சொன்ன ரகசியத்தை, அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அதே அறையில் இருக்கும் மற்றவருக்குச் சொல்லக் கூடாது என்கிறது அமெரிக்கத் திருமண, குடும்ப சிகிச்சையாளர் சங்கத்தின் நெறிமுறை. ஆகவேதான் ரகசியத்தை எப்படிக் கையாள்வீர்கள் என்பதை முதல் நாளே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம்.

2001ஆம் ஆண்டு நெறிமுறையைத் தேடிப் படியுங்கள். சிகிச்சைக்கு வந்தவரோடு உடலுறவு கூடாது என்ற தடை, சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு என்று அதில் இருக்கும். 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் கெடுவே இல்லை, தடை நிரந்தரம். தடை குடும்பத்தாருக்கும் சேர்த்துத்தான். நியாயம்தானே? மனைவியின் அழுகையைக் கேட்டு, மகனுக்கு ஆறுதல் சொன்னவர், இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வீட்டுக்குள் வேறொரு உறவாக நுழைந்தால் அந்தப் பையன் எங்கே போவான்? ஒரு கெடுவை நீக்குவது பேனாவால் ஒரு கோடு இழுக்கும் வேலையாகத் தெரியும். அதற்காக எத்தனை மாலைகள் பேச வேண்டும் என்பது இத்தகைய வரைவுகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நான் உட்கார்ந்த இன்னொரு சிறிய வரைவில், ‘கூடாது’ என்பதா ‘தவிர்க்க வேண்டும்’ என்பதா என்று ஒரு குளிர்காலமே போயிற்று. அதை வெட்டிப்பேச்சு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ‘தவிர்க்க வேண்டும்’ என்று இருந்தால் தப்பிக்கத் தெரிந்தவன் தப்பித்துவிடுவான்.

புகார்களையும் நெறிமுறைக் குழுக்கள் விசாரிப்பதுண்டு. நீதிமன்றம் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சங்கத்தால் உறுப்பினரை நீக்க முடியும், உரிமத்தைத் தொட முடியாது. அது மாநில வாரியத்தின் கையில். ஆனால் நமக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. இங்குள்ள தமிழர் உலகம் ஒரு தெரு அளவுதான். ஒருமுறை வந்த கோப்பைத் திறந்ததும் பெயரைப் பார்த்தேன். பொங்கல் விழாவில் எனக்குப் பக்கத்தில் நின்று கரும்பு வெட்டியவர். மூடிவைத்துவிட்டு, “எனக்குத் தெரிந்தவர், விலகிக்கொள்கிறேன்” என்று தலைவிக்கு எழுதினேன். ஏன் சீக்கிரம் கணினியை மூடிவிட்டாய் என்று வீட்டில் கேட்டார்கள், தலைவலி என்றேன். மறு ஆண்டும் விழாவில் அவரே ஒரு துண்டு கரும்பை என் கையில் கொடுத்தார். அவருக்கு எதிராக ஒரு புகார் இருந்தது என்பது எனக்குத் தெரியும், அதன் முடிவு தெரியாது, எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கரும்பைத் தின்றேன். இந்த மாதிரி விஷயங்களைச் சுமக்க முடியுமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். மாதம் ஒரு மாலை என்பது கணக்கில் மட்டும்தான்.

குடும்பங்களைச் சேர்த்துவைப்பவர்கள் தங்களுக்குள் சண்டை போடுகிறார்களே என்ற நக்கலை நீங்கள் எழுதாதது நல்லது, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. இரண்டு பேருக்கு இடையே பதற்றம் ஏறினால் மூன்றாமவரை இழுத்துக்கொள்வார்கள் என்ற குடும்ப சிகிச்சை முன்னோடி முர்ரே போவனின் முக்கோணத்தை நான் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவள். அதே நான், குழுவில் இரண்டு பேர் மாறி மாறி ஃபோனில் சொன்ன புகாரை நான்கு மாதம் இங்கும் அங்கும் சுமந்தேன். பின்னல் போடும் தலைவிதான், “இதை இவர் அவரிடமே சொன்னாரா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்று இரவு இரண்டு பேருடைய ஃபோனையும் நான் எடுக்கவில்லை.

சேருங்கள் என்பதே என் பதில். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் பதவிக்காலம் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். முடிவு தேதி இல்லாத குழுவை நான் நம்புவதில்லை. குழு உறுப்பினர்களுக்குச் சங்கம் காப்பீடு எடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஊதியமின்றி உழைப்பவர்களை வழக்குகளிலிருந்து ஓரளவு காக்க 1997இல் கூட்டரசு ஒரு சட்டம் செய்தது. ஆனால் அது எல்லா வகைச் சங்கத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். மினிட்ஸ் எழுதும் வேலையைப் புதியவர் தலையில்தான் கட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். என்ன முடிவாயிற்று என்று ஆறு மாதம் கழித்துச் சண்டை வரும்போது எல்லோரும் உங்களைத்தான் கேட்பார்கள்.

நிகழ்ச்சிக் குழுவிலிருந்து மட்டும் விலகிவிடுங்கள். மதிய உணவு எப்படியும் வந்து சேரும்.