கார்னெல் 1977: சிறந்த கச்சேரியா, சிறந்த டேப்பா?

கேள்வி: கிரேட்ஃபுல் டெட் குழுவின் பழைய கச்சேரிப் பதிவுகளைப் பற்றி ரசிகர்கள் ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள்? 1977 கார்னெல் கச்சேரிதான் சிறந்தது என்கிறார்களே, உண்மையா? புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

நடுக் கேள்வியிலிருந்து வருகிறேன். அந்தக் குழு வாசித்ததிலேயே சிறந்த கச்சேரி கார்னெல்தானா என்றால் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர்களுடைய டேப்புகளிலேயே அதிர்ஷ்டக்கார டேப் அதுதானா என்றால், ஆமாம், அதேதான். சண்டை போடும்போது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நானும் பல வருஷம் குழம்பியவன்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1965-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ராக் இசைக்குழு. 1995 ஆகஸ்டில் அதன் முக்கியக் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறந்ததோடு அந்தப் பெயரில் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இடையில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஸ்டூடியோ ஆல்பங்களை மட்டும் வைத்து எடைபோட்டால் சுமாரான குழு என்றுதான் சொல்வீர்கள், நானே சொல்வேன். 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு 1968-ல் சிங்கிளாக (தனிப் பாட்டுத் தட்டாக) வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த வருஷம் வந்த 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது. மெட்டு வெறும் வாசற்படி. உள்ளே போனபிறகு என்ன நடக்கும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது. கல்யாணி ஆலாபனையைப் போன வாரம்தானே கேட்டோம், இன்றைக்கு எதற்கு என்று யாராவது கேட்பார்களா? கிட்டத்தட்ட அந்தக் கதை. இங்கே ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் ஆலாபனை செய்கிறார்கள், அதுதான் சிக்கல். சில ராத்திரிகளில் ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் ஏறுவதே இல்லை. அந்த ராத்திரிகளின் டேப்பும் பத்திரமாக இருக்கிறது.

ஏன் இருக்கிறது? ஆரம்ப வருஷங்களில் அவர்களுக்கு ஒலி அமைத்தவர் ஔஸ்லி ஸ்டான்லி, 'பேர்' என்று கூப்பிடுவார்கள். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைத் தயாரித்ததற்காகப் பெயர் பெற்ற அதே ஆள்தான். தான் வைத்த ஒலி சரியாக இருந்ததா என்று பிறகு கேட்டுப் பார்க்க ஒவ்வொரு ராத்திரியும் டேப்பை ஓடவிட்டார். விற்கிற எண்ணமே அதில் இல்லை. வேலை பார்த்தவனின் குறிப்பு நோட்டு மாதிரி. அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மறுபக்கம், கூட்டத்தில் நின்ற ரசிகர்களும் கோட்டுக்குள் மைக்கை ஒளித்து வைத்துப் பதிவு செய்தார்கள். குழு பெரும்பாலும் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, 1984 அக்டோபரில் பெர்க்லி கச்சேரிகளிலிருந்து டேப்பர்களுக்கென்றே, அதாவது இப்படிப் பதிவு செய்கிறவர்களுக்கென்றே, தனி இடமும் டிக்கெட்டும் ஒதுக்கியது. எழுதாத சட்டம் ஒன்றுதான்: காசுக்கு விற்கக் கூடாது. வெற்று கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்குக் கச்சேரியைப் பிரதி எடுத்து அனுப்புவார். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஜாம், அதாவது எல்லாரும் சேர்ந்து மனோதர்மமாக வாசிப்பது, உச்சத்துக்குப் போகும் நேரத்தில் 'டக்' என்று பக்கம் முடியும்.

இப்போது என் அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன், சண்டையின் வேர் அதில் இருக்கிறது.

நான் முதன்முதலில் மயங்கிய டெட் கச்சேரி ஒன்று உண்டு. எந்தத் தேதி என்று சொல்லப்போவதில்லை, மானம் போகும். எண்பதுகளில் யாரோ கூட்டத்திலிருந்து பதிந்தது, கைமாறிக் கைமாறி என்னிடம் கோப்பாக வந்தது. என்ன வேகம், என்ன துடிப்பு! இரண்டாவது செட் (இடைவேளைக்குப் பிந்தைய பாதி) போகப் போகச் சூடு ஏறும். கடைசிப் பாட்டில் எல்லாரும் பறப்பார்கள். 'அன்றைக்கு அவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது' என்று இரண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதோடு சேர்ந்து கிட்டார் வாசிக்க உட்கார்ந்தேன். சேரவில்லை. முதல் பாட்டு கொஞ்சம் தள்ளி நின்றது. கடைசிப் பாட்டு கிட்டாரின் இரண்டு ஃப்ரெட்டுக்கு (சுரக் கட்டைக்கு) நடுவில் அந்தரத்தில் தொங்கியது. விஷயம் இதுதான்: பதிவு செய்தவரின் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கியிருக்கிறது. பதியும்போது டேப் மெதுவாக ஓடினால், திரும்பப் போடும்போது பாட்டு வேகமாகவும் சுருதி உயர்ந்தும் கேட்கும். பேட்டரி இறங்க இறங்க குழு 'சூடு ஏறியது'. நான் இரண்டு வருஷம் பாராட்டியது ஒரு சாகப்போகிற பேட்டரியை.

பிறகு யாரோ சுருதி சரிசெய்த பிரதியைக் கேட்டேன். கச்சேரி சுமார். மனசு மட்டும் இன்றைக்கும் பழைய பிரதியைத்தான் கேட்கிறது.

இனி கார்னெல். 1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் மாநிலத்தில் இத்தாகா ஊர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதம் என்றாலும் அன்றைக்கு அங்கே பனி பெய்தது. அந்த வசந்தச் சுற்றுப்பயணம் முழுக்கவே குழு நல்ல வாகில் இருந்தது. அப்போதுதான் கீத் ஓல்சன் என்ற தயாரிப்பாளர் ஸ்டூடியோவில் அவர்களைப் பிழிந்து எடுத்திருந்தார். இரண்டு டிரம்மர்களும் ஒரே ஆள் மாதிரி வாசிப்பதில் அந்தப் பயிற்சி தெரிகிறது. இரண்டாவது செட்டில் 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்' எந்த இடத்தில் முடிந்து 'ஃபயர் ஆன் தி மவுன்டன்' எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல். செட் 'மார்னிங் டியூ'வில் முடிகிறது. கார்சியா முதலில் முனகுவது போல ஆரம்பித்து, கடைசியில் தந்திகளை அதிவேகமாக அடித்து அடித்து மேலே ஏற்றிக்கொண்டே போவார். அந்த இடத்தில் எனக்கும் சிலிர்க்கும், மறைக்கவில்லை. பிறகு கூட்டத்தின் ஆசைக்கு ஒரு கடைசிப் பாட்டு, 'ஒன் மோர் சாட்டர்டே நைட்'. ஞாயிற்றுக்கிழமையில்! இவர்கள் அப்படித்தான்.

நல்ல கச்சேரிதான். ஆனால் மறுநாள் மே 9 பஃபலோ கச்சேரியும் அதே ஆட்கள், அதே வாகு. தொடக்கமே 'ஹெல்ப் ஆன் தி வே', 'ஸ்லிப்நாட்', 'ஃபிராங்க்ளின்ஸ் டவர்' மூன்றும் தொடராக. என் ஓட்டு பஃபலோவுக்கு. பிறகு ஏன் கார்னெல் மட்டும் கோயில் ஆனது?

பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளரால். குழுவின் ஊழியர்களில் ஒருவர், அந்தத் தொழிலில் பெண்களே அரிதாக இருந்த காலம். அரங்கத்துக்குப் போகிற கலவையை அப்படியே பிடிக்காமல், டேப்புக்கென்று தன் காதை வைத்துத் தனிக் கலவை செய்தார். அதனால்தான் அவருடைய பதிவுகளில் ஃபில் லெஷின் பாஸ் கிட்டார் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பிற்பாடு குழுவோடான உறவு அறுந்து, பணக் கஷ்டமும் வந்து, சாமான் கிடங்கில் போட்டிருந்த அவருடைய டேப்புகள் 1986-ல் வாடகை பாக்கிக்காக ஏலத்தில் போயின. வாங்கியவர்களிடமிருந்து டேப்பர்கள் அவற்றைப் பெற்றுச் சீர்செய்து பிரதி எடுத்தார்கள். எண்பதுகளின் கடைசியில் அவை ரசிகர்களிடையே பரவின. அவர் பெயரை வைத்தே 'பெட்டி போர்டு' என்று பெயர் வந்துவிட்டது. அதுவரை பத்தாவது கை கேசட்டில் இரைச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று இவ்வளவு தெளிவான ஒலி கிடைத்தால் என்ன ஆகும்? கார்னெல் எல்லார் வீட்டுக்கும் போனது. 2011-ம் ஆண்டுக்கான பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் பதிவைத் தேசிய ஒலிப்பதிவுக் கருவூலத்தில் சேர்த்தது. மூல டேப்புகள் குழுவின் கைக்குத் திரும்பி அதிகாரப்பூர்வ வெளியீடாக வந்தது 2017-ல், கச்சேரி நடந்து 40 வருஷம் கழித்து. அப்போது அதே வாரத்து நியூ ஹேவன், பாஸ்டன், பஃபலோ கச்சேரிகள் மூன்றும் ஒரே தொகுப்பில் சேர்ந்து வந்தன. அந்தத் தொகுப்பைக் கேட்டபிறகுதான் பலருக்கு 'அட, மற்ற மூன்றும் இப்படித்தானா!' என்று ஆயிற்று.

எதிலிருந்து பதிந்தது என்பதே எங்கள் சண்டையில் பாதி. சவுண்ட்போர்டு என்றால் மேடையின் ஒலிப்பலகையிலிருந்து நேராக எடுத்தது. சுத்தமாக இருக்கும் என்பார்கள். ஆனால் சின்ன அரங்கத்தில் கிட்டார் ஆம்ப்ளிஃபயரே கூரை அதிர அலறும். அதைப் பலகை வழியாக இன்னும் கூட்ட வேண்டிய தேவை இல்லை. விளைவு, அந்த டேப்பில் குரல் ஓங்கி நிற்கும், கிட்டார் அடுத்த அறையில் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு 'அன்றைக்குக் கார்சியா சோம்பேறியாக வாசித்தார்' என்று தீர்ப்பு எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆடியன்ஸ் பதிவில் கைதட்டல், விசில், மைக் பக்கத்தில் நின்றுகொண்டு சேர்ந்து பாடும் புண்ணியவான் எல்லாம் உண்டு. ஆனால் அரங்கம் இருக்கும். இரண்டையும் நேரம் பொருத்திக் கலந்து 'மேட்ரிக்ஸ்' என்று செய்கிறார்கள். நன்றாகச் செய்தால் அதுதான் என் முதல் தேர்வு.

1974 தனிக் கதை. 'வால் ஆஃப் சவுண்ட்' என்று மேடைக்குப் பின்னால் மலை மாதிரி ஸ்பீக்கர்களை அடுக்கினார்கள், எடை சுமார் 75 டன். ஸ்பீக்கர் பாடகருக்குப் பின்னால் இருந்தால் மைக் ஊளையிடும். அதைத் தடுக்க ஒவ்வொருவருக்கும் எதிரெதிராக இணைத்த இரண்டு மைக். இரண்டிலும் சமமாக விழுகிற ஒலி ஒன்றையொன்று அடித்துவிடும், ஒன்றில் மட்டும் வாயை ஒட்டி வைத்துப் பாட வேண்டும். சாமர்த்தியம்தான். ஆனால் அந்த வருஷ டேப்புகளில் குரல் தகரம் தட்டியது போல மெலிந்திருப்பதற்கு இதுதான் காரணம். தொண்டையைத் திட்டாதீர்கள்.

இன்னொரு விசித்திரம், வெட்டுகள். ரீல் மாற்றும் நேரத்தில் போன இசை போனதுதான். அதிகாரப்பூர்வ வெளியீடுகளில் சில இடங்களில் ஆடியன்ஸ் டேப்பிலிருந்து ஒட்டுப்போட்டிருப்பார்கள். டிக் லட்வாலா என்பவர் ரசிகராக டேப் சேர்த்து, குழுவின் காப்பகப் பொறுப்பாளராகவே ஆனவர். 1993-ல் தொடங்கிய 'டிக்ஸ் பிக்ஸ்' என்ற பழைய கச்சேரி வெளியீட்டு வரிசை அவர் பெயரில்தான். பழைய டேப், குறைகள் இருக்கும், வாங்குபவர் பார்த்து வாங்குங்கள் என்ற எச்சரிக்கை அட்டையிலேயே அச்சாகி வரும். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். 1972 ஐரோப்பியப் பயணத்தின் மூன்று இசைத்தட்டு ஆல்பத்தில் குரல்களை ஸ்டூடியோவில் மறுபடி பாடிச் சேர்த்துவிட்டு லைவ் என்று விட்டதைவிட இது மேல். பின்னால் 2011-ல் அந்தப் பயணத்தின் 22 கச்சேரிகளையும் 73 சிடிக்களில் போட்டார்கள். மொத்தமும் கேட்டு முடித்தேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

காசு, உரிமை பற்றிய சண்டையும் ஒருமுறை வந்தது. 2005 நவம்பரில், கச்சேரிகளை இலவசமாக இறக்கிக்கொள்ள முடிந்த இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்திலிருந்து பதிவிறக்கங்களை நீக்கச் சொன்னது குழுவின் தரப்பு. ரசிகர்கள் கொதித்தார்கள். தனக்கே தெரியாமல் நடந்தது என்று ஃபில் லெஷே சொன்னார். சில நாட்களில் ஆடியன்ஸ் பதிவுகள் திரும்பின. சவுண்ட்போர்டுகளை இணையத்தில் கேட்கலாம், இறக்க முடியாது என்று சமரசம் ஆனது. இன்றும் அப்படியே.

எங்கே தொடங்குவது? 1972 ஆகஸ்ட் 27, ஓரெகன் மாநிலம் வெனிட்டா. கொளுத்தும் வெயிலில், நொடித்துக்கொண்டிருந்த ஒரு பால் பண்ணைக்கு உதவியாக வாசித்தது. வெயிலில் கருவிகள் சுருதி விலகிக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவில் அரை மணி நேர 'டார்க் ஸ்டார்'. 2013-ல் முறையாக வெளியாகிவிட்டது. அடுத்து பஃபலோ. கார்னெலை மூன்றாவதாக வையுங்கள். முதலிலேயே கேட்டால் மற்றதெல்லாம் அதன் நகல் மாதிரித் தோன்றும்.

கார்னெல் கட்சியைச் சேர்ந்த நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. வருஷத்துக்கு நாலு முறையாவது இதே சண்டை. போன தடவை தேதி, இடம் எதுவும் சொல்லாமல் ஒரு 'மார்னிங் டியூ'வின் நடுவிலிருந்து நாலு நிமிடம் வெட்டி அவனுக்கு அனுப்பினேன், ஆடியன்ஸ் டேப். கேட்டுவிட்டுப் பதில் போட்டான்: "நல்லாத்தான் இருக்கு மச்சி. ஆனா கார்னெல் பக்கத்துல வர முடியாது. கார்சியா அன்னைக்கு அவ்வளவா இறங்கி வாசிக்கல."

அது கார்னெல்தான். சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்த செய்தி: "அந்த டேப்பர் தப்பான இடத்துல நின்னிருக்கான்."