புகைக்கூண்டுக்குள் குழாய்: கம்பளம் சுற்றாமல் இறக்கலாமா?

கேள்வி: தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறோம். அதன் செங்கல் புகைக்கூண்டில் 6 அங்குலப் புகைவாய் உள்ள இரும்பு விறகடுப்பைப் பொருத்தப் போகிறோம். கூண்டுக்குள் புகைக்குழாயை வெறுமனே இறக்கினால் போதும், அதன்மேல் சூடு தாங்கும் இழைக் கம்பளம் சுற்றுவது வீண் செலவு என்கிறார் வேலையை எடுத்திருக்கும் குத்தகையாளர். அவர் சொல்வது சரியா?
– வாசகி, ரிங்லெட், கேமரன் மலை, மலேசியா

பதில்: சரியில்லை. தயவுசெய்து அப்படி இறக்க விடாதீர்கள்.

கம்பளம் சூட்டைத் தடுப்பதற்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேலை, புகையை ஆறவிடாமல் மேலே அனுப்புவது. புகையின் சூடு ஏறக்குறைய 120 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள ஈரமும் தாரும் குழாய்ச் சுவரில் படியும். கேமரன் மலையின் பனியிலும் மழையிலும் ஊறிய செங்கல், வெறும் குழாயைச் சீக்கிரம் குளிரவைத்துவிடும். படிந்த தார் என்றாவது ஒருநாள் பற்றிக்கொண்டால் குழாய்க்குள் சூடு 1,000 பாகையைத் தாண்டும். செங்கல்லை ஒட்டியிருக்கும் கூரை உத்திரத்துக்கு அந்தச் சூடு போனால் வீடே போகும்.

முதலில் கூண்டின் உள்வாயை மேலிருந்து கீழ்வரை அளந்து பாருங்கள். நடுவில் சாந்து பிதுங்கிக் குறுகியிருப்பது சகஜம். 6 அங்குலக் குழாயில் அரை அங்குலக் கம்பளம் சுற்றினால் விட்டம் 7 அங்குலம். அது சிக்காமல் இறங்க 8 அங்குலமாவது வேண்டும். இடம் போதவில்லை என்று 5 அங்குலக் குழாய்க்கு மாறாதீர்கள், புகை அறைக்குள் திரும்பும். பிதுங்கலைத்தான் உடைத்தெடுக்க வேண்டும்.

குழாய் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம். துத்தநாகம் 420 பாகையிலேயே உருகிவிடும். கம்பளம் என்றால் செராமிக் இழைக் கம்பளம். கூரைக்கடியில் விரிக்கும் கண்ணாடிப் பஞ்சு இந்தச் சூட்டுக்குத் தாங்காது. எத்தனை தடிமன் என்பதற்குக் குழாயோடு வரும் கையேடுதான் கணக்கு. அரை அங்குலம் என்றால், சுற்றளவு 22 அங்குலம் வரும். 24 அங்குல அகலச் சுருளில் 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 20 அடிக் குழாய்க்கு 20 அடிச் சுருள்.

அலுமினியத் தாள் ஒட்டிய பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி, மூட்டு முழுவதும் தாள் நாடா ஒட்டி, அதன்மேல் ஸ்டீல் வலை போர்த்திக் கவ்விகளால் இறுக்குங்கள். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த வலையை விட்டுவிடுவதால்தான்: இறக்கும்போது செங்கல் முனை கம்பளத்தைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில்தான் தார் சேரும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

உச்சியில் மூடுதகடும் மழைத்தொப்பியும் நீர் புகாமல் இருக்கட்டும். நனைந்த கம்பளம் இருந்தும் பயனில்லை. குழாய் கூரையை விட்டு 3 அடி உயர வேண்டும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி மேலே நிற்க வேண்டும். அடியில் திறந்து சுத்தம் செய்யும் மூடி வையுங்கள். கரி 3 மில்லிமீட்டர் படிந்தால் உடனே துலக்க வேண்டும். குழாய் உறுமும் சத்தம் கேட்டால் உள்ளே தார் பற்றிக்கொண்டது என்று பொருள்; அடுப்பின் காற்றுவாயை அடைத்து, எல்லாரையும் வெளியேற்றி 999க்கு அழையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: லாரியில் வரும் ரப்பர் விறகை அப்படியே எரிக்கலாமா?
– வாசகர், தானா ராத்தா

பதில்: பச்சை விறகை எரிக்கக் கூடாது. ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும். ரப்பர் மரத்தில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும், அதனால் வந்தவுடன் பிளந்து, தரையில் படாமல், கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்குங்கள். ஆறு மாதமாவது ஆகும். இங்குள்ள பனிக்காற்றில் வெளியே மட்டும் வைத்தால் கடைசி ஈரம் போகாது. எரிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே அறைக்குள், அடுப்பிலிருந்து 3 அடி தள்ளி வையுங்கள். ஈரமானி இருந்தால் ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்புறத்தில் ஊசியைக் குத்துங்கள். பட்டைமேல் குத்தினால் காய்ந்ததாகவே காட்டும்.