30 நாள் வரம்பு வந்தால் என் தொடர்மாடி வீட்டு வருமானம் என்னாகும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியில் வசிக்கிறேன். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு இன்னொரு வீடும் இருக்கிறது. இரண்டு அறைகள், மாதம் 110,000 ரூபாய் வாடகை வருகிறது. டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்ததும் அதை நாள் வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறேன். ஓர் இரவுக்கு 18,000 ரூபாய், மாதம் 22 இரவுகள் நிச்சயம் என்கிறார் தரகர். குளிரூட்டி, தளபாடம், குளியலறைத் திருத்தம் எல்லாமாக 35 இலட்சம் வேண்டும். வங்கி 13 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் தரத் தயார். ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பி, அங்கே எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், தயங்க வேண்டாம் என்கிறான். ஆனால் வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் அங்கம் வகிக்கும் எங்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், 30 நாட்களுக்குக் குறைவாக எவரும் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு தீர்மானம் வருகிறது. நான் எதிர்த்து வாக்களிக்க வேண்டுமா? கடனை எடுக்கலாமா?

பதில்: கடனை எடுக்க வேண்டாம். தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களியுங்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலுள்ள எண்கள்தான். அந்தத் தீர்மானத்தால் பெரிய வருமானம் பறிபோகும் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால், பறிபோவதற்கு அங்கே அதிகம் இல்லை.

தரகர் சொன்ன 22 இரவுகளை ஒரு பக்கம் வையுங்கள். ஆண்டு முழுவதற்குமான சராசரியாக 16 இரவுகள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதுவே நல்ல எண்தான். 16 இரவுகளுக்கு 288,000 ரூபாய். முன்பதிவுத் தளத்தின் தரகு 15 சதவீதம் என்றால் 43,200 போய்விடும். சுற்றுலா அபிவிருத்தி வரி மொத்த வரவில் 1 சதவீதம், அதாவது 2,880. சராசரியாக நான்கு இரவுக்கு ஒரு குடும்பம் மாறினால் துப்புரவுக்கும் படுக்கை விரிப்புச் சலவைக்கும் 14,000. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் குளிரூட்டியை நிறுத்துவதே இல்லை, மின்கட்டணம் 25,000. நள்ளிரவில் திறப்பைக் கொடுக்கவும் காலையில் வாங்கவும் ஓர் ஆள் வேண்டும், அவருக்கு 30,000. இணையம், தண்ணீர் 8,000. உடைவது, கறைபடுவது, பழுதாவது 15,000. எல்லாம் போக ஏறக்குறைய 150,000 ரூபாய் மிஞ்சும்.

இப்போது கையில் வருவது 110,000. ஆகவே கூடுதல் வருமானம் 40,000 ரூபாய். வங்கித் தவணையோ மாதம் 79,600 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மாதமும், இப்போது இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 40,000 ரூபாய் குறைவான நிலையில் இருப்பீர்கள். தரகரின் 22 இரவுகள் அப்படியே நடந்தாலும், தவணை போக, இப்போதைய வாடகையைவிடக் கூடுதலாக மிஞ்சுவது 36,000 ரூபாய் அளவுதான். மழை மாதமொன்றில் எட்டு இரவுகள் மட்டும் போனால், தவணையைக் கட்ட உங்கள் ஓய்வூதியத்திலிருந்து 31,000 ரூபாய் எடுக்க வேண்டிவரும்.

வங்கிக்குப் போகாமல் நிலையான வைப்பை உடைத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். 35 இலட்சத்துக்கு 8 சதவீத வட்டி என்றாலே மாதம் 23,000 ரூபாய் கைநழுவும். மெத்தையும் குளிரூட்டியும் ஆறேழு வருடத்தில் தேய்ந்துவிடும். வைப்பிலுள்ள பணம் தேயாது.

எண்கள் இப்படியென்றால் ஆபத்து வேறு. 2018இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். ஈஸ்டர் தாக்குதலும் பெருந்தொற்றும் கடந்து 2021இல் அது இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை. 2024இல்தான் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. அதற்கிடையில், 2022 ஏப்ரலில், மத்திய வங்கி ஒரே அறிவிப்பில் கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை எப்படி ஏறியது என்பதை அந்த வருடத்தில் என்னிடம் வந்த குடும்பங்களிடம் பார்த்திருக்கிறேன். வெறுமையான அறையும் ஏறிய தவணையும் ஒரே நேரத்தில் வந்தன. மாதா மாதம் வாடகை கட்டும் குடித்தனக்காரர்தான் அந்தக் காலத்தில் பலருக்கு வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

உங்கள் தம்பி சொன்னதற்கு வருகிறேன். ஸ்காபரோவும் அடங்கும் ரொறன்ரோ மாநகரத்தின் விதிப்படி ஒருவர் தாம் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டை மட்டுமே குறுகிய கால வாடகைக்கு விடலாம். முழு வீட்டையும் கொடுப்பதானால் ஆண்டுக்கு 180 இரவுகளுக்கு மேல் போகக்கூடாது. மாநகரத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். நீங்கள் செய்ய நினைப்பதை, அதாவது குடியிருக்காத இரண்டாவது வீட்டை நாள் வாடகைக்கு விடுவதை, உங்கள் தம்பி தன் ஊரில் செய்ய முடியாது. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை மூன்று மாதங்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாது. நியூயோர்க்கில் 2023 செப்டெம்பரிலிருந்து, 30 நாட்களுக்குக் குறைவான தங்கலென்றால் வீட்டுக்காரரும் உடன் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சிலோனா தன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலா வீட்டு அனுமதிகளை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று அறிவித்திருக்கிறது. நாளை கொழும்பிலும் இப்படி ஏதாவது வரலாம். ஐந்தாண்டுக் கடனை எடுப்பவர் ஐந்தாண்டுக்கும் விதி மாறாது என்று பந்தயம் கட்டுகிறார். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் அந்தப் பந்தயத்தில் இறங்குவதை என்னால் ஏற்க முடியாது.

தீர்மானத்தை எதிர்ப்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. உறுதி என் பெயரில் இருக்கிறது, வரியும் பராமரிப்புப் பணமும் நான் கட்டுகிறேன், யாருக்கு விடுவது என்பதை நீங்கள் யார் சொல்ல என்று கேட்பார்கள். வெளிநாட்டுப் பணம் உள்ளே வருகிறது, நாட்டுக்கு அது தேவை என்பதும் உண்மை. ஆனால் தொடர்மாடியில் வீடு வாங்கியவர் நான்கு சுவர்களை மட்டும் வாங்கவில்லை. லிஃப்டிலும் தண்ணீர்த் தொட்டியிலும் படிக்கட்டிலும் பங்கு வாங்கியிருக்கிறார். 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டம் உரிமையாளர்கள் எல்லோரையும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அங்கத்தவர்களாக்குவது அதனால்தான். கட்டுநாயக்கவில் பல விமானங்கள் இறங்குவது இரவில். அதிகாலை இரண்டு மணிக்கு வான் வந்து நிற்கும், ஆறு பெட்டிகளும் லிஃப்ட் கதவில் இடிபடும், காவலாளி பதிவுக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருவார். எதிர் வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும். அந்தச் செலவு உங்கள் கணக்கில் எங்கும் விழாது, எதிர் வீட்டுக்காரர் தலையில் விழும். நீங்களும் அங்கேதான் குடியிருக்கிறீர்கள். மேல்மாடியில் இன்னொருவர் நாள் வாடகை தொடங்கினால் விழித்துக்கொள்வது நீங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். தீர்மானம் இரவுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை, சத்தம், பொறுப்பாளியின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் இருக்கட்டும். வருபவர் எந்த ஊர், எந்த இனம் என்ற பேச்சு அதற்குள் நுழையக்கூடாது. 2007 ஜூன் 7ஆம் திகதி இந்த நகரத்தின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. வெள்ளவத்தையில் தற்காலிகமாகத் தங்க வருபவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் விதியை நம்மவர்கள் கையாலேயே எழுதக்கூடாது.

30 நாள் வரம்பு அப்படிப்பட்டவர்களை வெளியே தள்ளாது என்பதாலும் அதை ஆதரிக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ நீண்ட சிகிச்சைக்காக வரும் குடும்பம், பாடசாலை விடுமுறையில் லண்டனிலிருந்து வந்து கலியாணம், நல்லூர்த் திருவிழா எல்லாம் முடித்துப் போகும் குடும்பம் ஆகியோர் பலருக்கு ஒரு மாதம் தேவைப்படும். தளபாடத்தோடு மாத வாடகைக்கு விடும் வழி உங்களுக்கு அப்போதும் திறந்திருக்கும். மின்மானியைப் பார்த்துக் கட்டணத்தை அவர்களிடமே வாங்கலாம். அதற்கு 35 இலட்சம் தேவையில்லை, இரண்டு கட்டில், ஒரு குளிர்சாதனப் பெட்டி, சமையல் சாமான் போதும். ஆனாலும் இப்போதுள்ள குடித்தனக்காரர் வெளியேறினால் மட்டும் அதை யோசியுங்கள்.

தீர்மானம் தோற்று, நீங்களும் மனம் மாறி நாள் வாடகைக்கு இறங்குவதானால், முதலில் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்யுங்கள். கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட பாவனை குடியிருப்பு மட்டும்தானா என்பதை உங்கள் நொத்தாரிசிடம் காட்டிக் கேளுங்கள். வீட்டுக் காப்புறுதி, பணம் கொடுத்துத் தங்குபவர்களால் வரும் சேதத்தை ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வருமான வரியில் வாடகைக்குக் கிடைக்கும் 25 சதவீதக் கழிவு, சலவையும் துப்புரவும் சேர்த்து நடத்தும் நாள் வாடகைக்கும் கிடைக்குமா என்று கணக்காளரிடம் விசாரியுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை போதும். டிசம்பர் வரை காத்திராமல் குடித்தனக்காரரை இந்த வாரமே சந்தித்து, 120,000 ரூபாய்க்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் எழுத விருப்பமா என்று கேளுங்கள். 115,000 என்று இறங்கினாலும் கையெழுத்திடுங்கள்.