கிளியின் வாயில் புளித்த வாடை வந்தால் முதலில் தீனித் தட்டைப் பாருங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் இரண்டு வயது காக்டெய்ல் கிளி இருக்கிறது. இரண்டு மாதமாக அதன் வாய்ப்பக்கம் முகர்ந்தால் புளித்த மாவு போல வாடை வருகிறது, எச்சமும் நாறுகிறது. சூரியகாந்தி விதை கொடுக்கிறோம், காலையில் பாலில் ஊறவைத்த பிரெட், மதியம் நாங்கள் சாப்பிடும் சாதத்தில் கொஞ்சம். வாங்கிய கடையில் கேட்டால், கிளி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, தண்ணீரில் கலக்க ஒரு மஞ்சள் பொடி கொடுத்தார்கள். மாமியார் வாடை தாங்காமல் தினமும் சாம்பிராணி போடுகிறார். தீனியை மாற்றினால் வாடை போய்விடுமா?"

பெரும்பாலும் போய்விடும் அம்மா. ஆனால் அதற்கு முன் ஒன்று. கிளி என்றால் அப்படித்தான் என்று அந்தக் கடைக்காரர் சொன்னது சுத்தப் பொய். ஆரோக்கியமான காக்டெய்லை மூக்கருகில் வைத்து முகர்ந்தால் இறகிலிருந்து உதிரும் வெள்ளைத் தூளின் லேசான வாசனை வரும், பவுடர் டப்பாவைத் திறந்தால் வருவது போல. வாயில் ஒரு வாடையும் இருக்கக் கூடாது. எச்சத்தில் பச்சையாக ஒரு பாகம், வெள்ளையாக ஒரு பாகம், கொஞ்சம் நீர் என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், அதுவும் காய்ந்தபின் மணக்கவே கூடாது. உங்கள் கிளி நாறுகிறது என்றால் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதிய தீனிப் பட்டியலைப் பார்த்தால் எது என்று ஓரளவு எனக்குத் தெரிகிறது.

முதல் குற்றவாளி அந்தப் பால் பிரெட். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைகளுக்குக் கிடையாது, கிளி குஞ்சாக இருக்கும்போதுகூட அது பால் குடித்து வளர்வதில்லையே. கிளியின் கழுத்துக்குக் கீழே தீனிப்பை என்று ஒரு பை இருக்கிறது, தின்றது முதலில் அங்கேதான் தங்கி ஊறும். உடம்புச் சூடு நம்மைவிட அதிகம், 40 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் பாலும் மைதாவும் ஈரமாகச் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று, சமையலறை மேடையில் வெயில் காலத்தில் தோசை மாவு வைத்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்ட் என்கிற பூஞ்சை அங்கே பெருகுகிறது. நீங்கள் முகர்வது அந்த வாடைதான். சரி, பால் இல்லாமல் பிரெட் மட்டும் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். உப்பும் மாவும் தவிர அதில் கிளிக்கு ஒன்றும் இல்லை. உப்புப் போட்ட சாதத்துக்கும் இதே பதில்தான், அதிலும் மதியம் வைத்தது சாயங்காலம் வரை கூண்டிலேயே கிடந்தால் அது வேறு ஒரு புளிப்பு.

சூரியகாந்தி விதை விஷமில்லை, ஆனால் அதன் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். நாம் தினமும் மூன்று வேளையும் வறுத்த முந்திரி தின்பது போல. ஈரலில் கொழுப்பு சேரும், அது மெதுவாக நடக்கும், நாளைக்கே தெரியாது. வாடைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது வேறு: சூரியகாந்தியில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், அது குறைந்தால் வாய்க்குள்ளும் மூக்குத் துளையிலும் உள்ள மெல்லிய ஈரத்தோல் தடித்து, காய்ந்து, செதிலாகிவிடும், கிருமியைத் தடுக்கிற வேலையை அது செய்யாது, அங்கே சீழ் பிடித்தால் வாய் நாறும். காக்டெய்லின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று நான் முதலில் தேடுவது இதற்காகத்தான்.

அப்படியானால் என்ன கொடுப்பது. காக்டெய்ல் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் புல் விதை பொறுக்கித் தின்று வாழ்ந்த இனம், அதனால் சிறுதானியம் அதற்கு இயல்பான தீனிதான். நம் ஊரில் தினை, சாமை, குதிரைவாலி, கம்பு எல்லாம் கிடைக்கிறது, உமி நீக்காததாக வாங்குங்கள், மளிகைக் கடையில் தீட்டி வரும் அரிசி வேண்டாம். இதனோடு நல்ல பெல்லட், அதாவது தானியமும் சத்துகளும் சேர்த்து அரைத்துச் சிறு உருண்டைகளாகச் செய்து விற்கும் தீனி. பாதி பெல்லட், கால் பங்கு சிறுதானியம், கால் பங்கு காய் கீரை என்பது என் கணக்கு. காய் என்றால் கேரட், பரங்கிக்காய், ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, குடைமிளகாய், அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக முருங்கைக்கீரை. ஒரு கொத்து முருங்கைக்கீரையைக் கூண்டுக் கம்பியில் செருகிவிட்டால் கிளி அதைக் கிழித்து விளையாடிக்கொண்டே தின்னும், வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே போகும். கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் பாட்டில் இதைச் செய்யாது. பச்சை மிளகாயும் கொடுக்கலாம், பறவைக்குக் காரம் உறைக்காது. அவகாடோ மட்டும் வீட்டில் எந்த உருவத்திலும் கிளிப்பக்கம் போகக் கூடாது, அது கொல்லும். சாக்லேட், காப்பி, டீ, வெங்காயம், பூண்டு ஆகியவையும் வேண்டாம். சூரியகாந்தியை ஒரு நாளைக்கு நாலைந்து விதை என்று குறைத்து, கையில் வைத்துப் பழக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்லட் வாங்கும்போது கவனம். பெரிய மூட்டையைப் பிரித்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி, கிலோ இவ்வளவு என்று லூஸில் விற்பதை வாங்காதீர்கள். அது எந்தக் கம்பெனியுடையது, எப்போது செய்தது, எத்தனை மாதம் திறந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதில் உள்ள கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கடித்துப் போயிருக்கும், தீனியே நாறும்போது கிளி எப்படி நாறாமல் இருக்கும். சீல் வைத்த, தேதி போட்ட சின்ன பாக்கெட் விலை கூடுதல்தான், 90 கிராம் பறவை எவ்வளவு தின்னப்போகிறது. அதேபோல கிரிட் என்று மணல் கலவை தலையில் கட்டுவார்கள், கிளிகள் விதையை உரித்துத் தின்பவை, அவற்றுக்கு அது தேவையே இல்லை, கோழிக்கும் புறாவுக்கும்தான். கடல் நுரை ஓடு (கணவாய் மீனின் ஓடு) ஒன்று கூண்டில் தொங்கவிட்டால் போதும்.

தீனியை ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். பால் பிரெட்டை மட்டும் இன்றே நிறுத்துங்கள், மற்றது மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொண்டு மெதுவாக. "பசித்தால் தானாகத் தின்னும், விதையை எடுத்துவிடுங்கள்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு விதையை ஒரேயடியாக எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து எலும்பும் தோலுமாக என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பெல்லட்டை அந்தக் கிளி அலகால் கடித்துத் தூளாக்கிப் போட்டிருக்கிறது, ஒன்றையும் விழுங்கவில்லை. வீட்டுக்காரர் கிண்ணத்தில் தூளைப் பார்த்துவிட்டு நன்றாகத் தின்கிறது என்று நினைத்திருக்கிறார். உமி நிறைந்த கிண்ணத்தைப் பார்த்து விதை நிறைய இருக்கிறது என்று ஏமாறுவதும் இதேதான், ஊதிப் பாருங்கள், எல்லாம் பறந்துவிடும். அதனால் சமையலறையில் வைக்கும் ஒரு கிராம் துல்லியத் தராசு ஒன்று வாங்கி, தினமும் காலையில் தீனி வைக்குமுன் எடை பார்த்து எழுதுங்கள். காக்டெய்ல் பொதுவாக 80 முதல் 100 கிராம் இருக்கும். 90 கிராம் கிளி 9 கிராம் இழந்தால் அது ஆபத்து, பழைய விதைத் தீனிக்குத் திரும்பிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காயைக் காலையில் பசியோடு இருக்கும்போது, பொடியாக நறுக்கி, தினையைப் புரட்டி வையுங்கள். நீங்களும் அதன் முன்னால் உட்கார்ந்து தின்றுகாட்டுங்கள், காக்டெய்ல் கூட்டத்தோடு தின்னும் பறவை. ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், தண்ணீரை இரண்டு வேளை மாற்ற வேண்டும்.

இப்போது அந்த மஞ்சள் பொடி. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. பெயரில்லாத கவரில் வரும் இந்தப் பொடிகளில் பல, கோழிப்பண்ணைக்கு வரும் ஆன்டிபயாடிக் பொடியைப் பிரித்துக் கட்டியவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அதை ஒரு சிட்டிகை தண்ணீரில் போடு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். காக்டெய்ல் ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தண்ணீர் குடிக்கும், கசந்தால் அதையும் குடிக்குமா, யாருக்குத் தெரியும். உங்கள் கிளிக்கு ஈஸ்ட் தொந்தரவு என்றால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது, அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் நல்ல கிருமிகளைத்தான் கொல்லும், வாடை இரண்டு மடங்காகும். உடனே நிறுத்துங்கள், ஆனால் கவரைத் தூக்கி எறியாதீர்கள், மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதே கடையில் வைட்டமின் சொட்டு மருந்தும் கொடுப்பார்கள். காயில் இருந்து வரும் சத்தை உடம்பு தேவைக்கு ஏற்ப வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பாட்டிலில் இருப்பது அப்படியில்லை, காக்டெய்லுக்கு வைட்டமின் ஏ அதிகமானாலும் கெடுதல்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஐந்தரை வருடம் கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பறவை என்றால் கோழிதான், அதுவும் ஆயிரக்கணக்கில் வளரும் கோழி. அங்கே ஒரு கோழி நோயுற்றால் அதை அறுத்துப் பார்த்து மற்றதைக் காப்பாற்றுவார்கள். ஒரே ஒரு பறவை, அதைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கும் குடும்பம், இதற்கு என்ன செய்வது என்று முறையாகச் சொல்லித்தருவது மிகக் குறைவு. நானே மேசையில் வந்து படுத்த பறவைகளிடம்தான் கற்றேன். சிறு ஊர்களில் கிராம் கணக்கில் எடை பார்க்கும் தராசுகூட இல்லாமல் கிளிக்கு ஊசி போடுகிறார்கள். இந்த நிலையில் மக்கள் கடைக்காரரிடம் போகாமல் வேறு எங்கே போவார்கள்? ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பாரில்லை.

(இதைப் படிக்கும் பச்சைக்கிளி வீட்டுக்காரர்களுக்கு: நம் நாட்டுப் பச்சைக்கிளியை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம். விற்பவர் கொடுக்கும் எந்தத் தாளும் அதை மாற்றாது.)

ஒரு விதிவிலக்கை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் கிளிக்கும் வைத்தியம் பார்த்துவிடுவீர்கள். உங்கள் கிளி ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. பெண் கிளி முட்டையிடும் நாட்களில், அடை உட்கார்ந்திருக்கும்போது, கூட்டை அசிங்கப்படுத்தாமல் இருக்க எச்சத்தை மணிக்கணக்கில் அடக்கிவைத்து, எழுந்து வந்து ஒரே தடவையில் பெரிதாகப் போடும். அது பயங்கரமாக நாறும், அது நோய் இல்லை. ஆண் துணை வேண்டும் என்றும் இல்லை, தனியாக இருக்கும் பெண் காக்டெய்ல்கூட முட்டையிடும், அலமாரி இடுக்கு, சோபாவுக்கு அடியில் என்று இருட்டு மூலையைத் தேடும். சாம்பல் நிறக் கிளியாக இருந்தால் முதல் இறகு உதிர்ந்தபின் ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும், பெண்ணுக்கு முகம் மங்கலாகவே இருக்கும், வால் இறகின் அடியில் வரிவரியாகத் தெரியும். மஞ்சள் வெள்ளை நிற வகையில் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது, வால் இறகை வெளிச்சத்தில் பிடித்து வரி தெரிகிறதா என்று பாருங்கள். ஆக, காலையில் முதல் எச்சம் மட்டும் பெரிதாக நாறி, அப்புறம் நாள் முழுக்கப் போடுவது சாதாரணமாக இருந்தால், பெண் கிளி என்றால், இருட்டு மூலைகளை அடைத்துவிடுங்கள், இரவில் பன்னிரண்டு மணி நேரம் விளக்கை அணைத்து வையுங்கள், கொழுப்புத் தீனியைக் குறைத்துக்கொள்ளுங்கள், போதும். ஆனால் வாயில் வாடை வருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாய் நாறினால் ஆண் பெண் எல்லாம் ஒன்றுதான். பெண் கிளி கூண்டுத் தரையில் கால் பரப்பி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கிறது என்று அர்த்தம், அது அன்றைக்கே ஓட வேண்டிய விஷயம்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், சாம்பிராணி வேண்டாம். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட மிக நுட்பமானது, புகை நேராக உள்ளே போகும். கொசுவத்தி, கற்பூரப் புகை, ரூம் ஸ்பிரே எல்லாமும் அப்படித்தான். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் காயவிட்டு மறந்தால் வரும் புகை, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். தட்டில் வெறும் செய்தித்தாள் போட்டு தினமும் மாற்றினாலே கூண்டு வாடை பாதி குறையும், எச்சம் எப்படி இருக்கிறது என்றும் கண்ணில் படும்.

பறவைக்குச் செரிமானம் வேகம், காலையில் தின்றது சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் பால் பிரெட்டை நிறுத்திய மூன்று முதல் ஐந்து நாளில் எச்ச வாடை குறைய வேண்டும். ஒரு வாரம் கழித்தும் வாய் நாறினால் தீனியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், தீனிப்பையில் இருந்து மாதிரி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும், ஐந்து நிமிட வேலை, கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்பே கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி வழிந்தால், வாந்தி எடுத்துத் தலை இறகு ஒட்டிக்கொண்டால், காலையில் தீனிப்பை இரவு இருந்தபடியே உப்பியிருந்தால், எச்சத்தில் விதை முழுசாக வந்தால், வாலை ஆட்டி ஆட்டி மூச்சு விட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நோயை மறைப்பது பறவையின் குணம், வெளியே தெரியும்போது ஏற்கெனவே நாளாகியிருக்கும். போகும்போது அன்றைய கூண்டுத் தாளை எச்சத்தோடு மடித்து எடுத்துக்கொள்ளுங்கள், எடை எழுதிய நோட்டு, தின்கிற தீனி எல்லாவற்றிலும் ஒரு பிடி, அந்த மஞ்சள் பொடிக் கவர். கூண்டைத் துணியால் மூடி, காற்று அடிக்காமல், நிழலில் கொண்டு போங்கள்.