முதலில் ஓட்டை போட்டீர்களா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டில் விதை போடுவது பற்றியவை. அதிலும் தொட்டி எதுவும் வாங்காமல், கையில் கிடைத்த கப், டப்பா, பாட்டிலில் போட்டுப் பார்த்தவர்கள் எழுதியவை. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: காலி தயிர் கப்புகளில் தக்காளி விதை போட்டேன். ஆறாம் நாளே முளைத்துவிட்டது. பத்தாம் நாள் காலையில் பார்த்தால் எல்லாமே தரையோடு சாய்ந்து கிடக்கின்றன. ஒரு நாள்கூட விடாமல் தண்ணீர் ஊற்றினேன். என்ன குறை வைத்தேன்?

பதில்: குறை எதுவும் வைக்கவில்லை, தண்ணீரைத்தான் கூட வைத்துவிட்டீர்கள். சாய்ந்த நாற்று ஒன்றை எடுத்து, தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள். நூல் கட்டி இறுக்கினாற்போல அந்த இடம் மட்டும் மெலிந்து, பழுப்பாகி, கொழகொழவென்று இருக்கும், மேலே இலை ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாகவே இருக்கும். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் செய்கிற வேலை. ஈரம் தேங்கி, காற்றோட்டமும் இல்லாவிட்டால் அவற்றுக்குக் கொண்டாட்டம். விழுந்த நாற்றை இனி எழுப்ப முடியாது, அந்த மண்ணை அடுத்த விதைக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கப்பின் அடியில் ஓட்டை போட்டதாக ஒரு வார்த்தை இல்லை. போடவில்லை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் கண்ணாடி டம்ளரில் துளசி விதை போட்டு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஜன்னலில் வைத்து, ஒரே வாரத்தில் சாக்கடை வாசத்தோடு தூக்கி எறிந்தவன்தான். அடுத்த முறை கப்பை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அடியில் பென்சில் நுழைகிற அளவில் நான்கைந்து ஓட்டை போடுங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல், ஒரு தட்டில் விரற்கடை அளவு தண்ணீர் விட்டு அதில் கப்பை வையுங்கள். அரை மணி நேரத்தில் மேல்மண் கருத்துவிடும், கப்பை வெளியே எடுத்து மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மறுபடி எப்போது வைப்பது? கப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமான கப்புக்கும் காய்ந்த கப்புக்கும் எடை எவ்வளவு வித்தியாசம் என்று இரண்டே நாளில் கைக்குப் பழகிவிடும்.

கேள்வி: ஓட்டை போட்டால் ஜன்னல் கட்டையெல்லாம் ஈரமாகிறது. அதற்குப் பதிலாக அடியில் கூழாங்கல் பரப்பி, மேலே மண் போடலாம் என்கிறார்களே?

பதில்: எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நடப்பது நேர்மாறு. நனைந்த பஞ்சு ஒன்றைத் தட்டையாகப் பிடித்துப் பாருங்கள், கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும், உள்ளே அடிப்பக்கம் மட்டும் ஊறிப்போய் இருக்கும். கப்பில் உள்ள மண்ணும் அப்படித்தான். நுண்ணிய மண்ணில் இருக்கிற நீர், பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குள் சட்டென்று இறங்காது, கல்லுக்கு மேலேயே தங்கிவிடும். ஆக, ஊறிக் கிடக்கிற அந்தப் பகுதியை நீங்களே இரண்டு விரற்கடை மேலே தூக்கி வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். ஜன்னல் நனையாமல் இருக்க கப்புகளுக்குக் கீழே ஒரு தட்டு வைத்தால் போதும்.

கேள்வி: தகர டப்பாவில் ஓட்டை போட்டும் தண்ணீர் தேங்குகிறது. ஏன்?

பதில்: ஆணியை வெளியிலிருந்து உள்ளே அடித்திருப்பீர்கள். அப்படி அடித்தால் தகரம் உள்பக்கம் பிதுங்கி, ஓட்டையைச் சுற்றி வரப்பு கட்டினாற்போல நிற்கும், அந்த உயரத்துக்குத் தண்ணீர் உள்ளேயே தங்கும். டப்பாவுக்குள் ஆணியை விட்டு, உள்ளிருந்து வெளியே அடியுங்கள், அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்தால் சுலபம். வெளியே பிதுங்கியது கையைக் கிழிக்கும், சுத்தியலால் தட்டிவிடுங்கள். நேர் வெயிலில் தகரம் சூடேறி வேர் வெந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: முட்டை ஓடு, முட்டை அட்டை, செய்தித்தாள் கப் இவற்றில் எது நல்லது? அப்படியே மண்ணில் புதைத்துவிடலாம் என்பதால் கேட்கிறேன்.

பதில்: முட்டை ஓடு படம் எடுக்க நன்றாக இருக்கும். அதில் பிடிக்கிற மண் இரண்டு ஸ்பூன், காலையில் நனைத்தால் மாலையில் காய்ந்துவிடும். ஓட்டோடு புதைத்தால் வேர் அதை உடைத்துக்கொண்டு வரச் சிரமப்படும், நடும்போது கையால் நொறுக்கிவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்து கிடைக்குமே என்பீர்கள். ஓடு மக்கி அது வெளிவருவதற்குள் செடி வளர்ந்து முடிந்திருக்கும். முட்டை அட்டையின் குழியும் ஆழமில்லாதது, மண் சீக்கிரம் காய்ந்துவிடும் அதே பிரச்சினைதான்.

என் ஓட்டு செய்தித்தாளுக்கு. ஒரு தாளை நீளவாக்கில் மடித்து, சின்ன பாட்டிலைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள், பாட்டிலின் அடிக்குக் கீழே மூன்று விரல் அகலம் தாள் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதை உள்நோக்கி மடித்து, பாட்டிலோடு தரையில் வைத்து அழுத்தித் திருகிவிட்டு, பாட்டிலை உருவினால் கப் தயார். ஒட்டக்கூட வேண்டாம், ஈர மண் போட்டதும் தானே நிற்கும், ஆனால் ஒன்றோடொன்று நெருக்கி ஒரு தட்டில் அடுக்குங்கள், தனியாக நின்றால் சரிந்துவிடும். புதைக்கும்போது தாளின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அது விளக்குத் திரி மாதிரி ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும், அப்புறம் செடி வாடுவதற்குக் காரணம் தெரியாமல் விழிப்பீர்கள். விளிம்பைக் கிழித்துவிட்டு நடுங்கள்.

கேள்வி: நாற்று சரசரவென்று உயரமாகிறது, தண்டு மட்டும் நூல் மாதிரி. சத்துக் குறைவா, உரம் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது வளர்ச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடி ஓடுகிற ஓட்டம். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அறை, செடிக்கு அரை இருட்டு. முளை மண்ணைப் பிளந்த அன்றைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஜன்னல் போதாவிட்டால் எல்இடி விளக்கை நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். ஈரத்துக்காக பாட்டில் மூடியோ பிளாஸ்டிக் உறையோ போட்டிருந்தால் அதையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். இப்போது நீண்டுவிட்டதை என்ன செய்வது? தக்காளி என்றால் தப்பித்தீர்கள், தண்டை விதையிலை (முளைத்ததும் முதலில் விரிகிற இரண்டு இலை) வரை மண்ணில் இறக்கி நட்டால் புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். மற்ற பல செடிகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

உரம் பற்றி: முதல் இரண்டு இலைகள் விதைக்குள்ளேயே இருந்தவை, ஆரம்பச் சாப்பாடும் விதையிலேயே இருக்கிறது. அதற்கு மேல் வருகிற நிஜ இலையைப் பார்த்த பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: மிளகாய் விதை போட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. தோட்டத்து மண்தான், ஒரு விரல் ஆழத்தில் போட்டேன்.

பதில்: ஒரு விரல் ஆழம் என்பது மிளகாய் விதைக்குக் கிணறு. விதையின் தடிமன் எவ்வளவோ அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். தோட்டத்து மண் சின்ன கப்பில் நாலு முறை நனைந்தால் செங்கல்லாக இறுகிவிடும், தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு கலந்து போடுங்கள், நார்த்தூளில் உப்பு இருக்கலாம், இரண்டு முறை அலசிவிடுங்கள். மிளகாய்க்குச் சூடும் வேண்டும், 25 முதல் 30 டிகிரி இருந்தால் நன்றாக முளைக்கும், குளிர்ந்த அறையில் மூன்று வாரம்கூட இழுக்கும். விதைமேலேயே சந்தேகம் என்றால் பத்து விதையை ஈரத் தாளில் மடித்து, மூடிய டப்பாவில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஏழு எட்டு முளைத்தால் விதை நல்லது. ஒன்றோ இரண்டோ என்றால் கப்பைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: எல்லாக் காய்கறிக்கும் கப்பில் நாற்று விட்டு மாற்றி நடலாமா? எப்போது வெளியே வைப்பது?

பதில்: கேரட், முள்ளங்கிக்கு வேண்டாம், வேர் வளைந்தால் கிழங்கும் வளைந்துவிடும், நேராக மண்ணிலேயே விதையுங்கள். வெள்ளரி, பூசணி, பீன்ஸ் வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும், அவற்றுக்குத்தான் செய்தித்தாள் கப். தக்காளி, கத்தரி, மிளகாய் தாங்கும். நிஜ இலை மூன்று நான்கு வந்ததும் மாற்றலாம். பிடிக்கும்போது இலையைப் பிடியுங்கள், இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான். மாற்றி நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் வெளியே பழக்க வேண்டும், முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெயில். ஜன்னலில் வளர்ந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காகிதமாகிவிடும்.

கேள்வி: காபி குடித்த காகிதக் கப்பையும் செய்தித்தாள் கப் போல அப்படியே புதைக்கலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலான காகிதக் கப்புகளின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது மக்காது. விதை போட்டு வளர்க்கலாம், நடும்போது கப்பைப் பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டி உடையாமல் செடியை மட்டும் எடுத்து நடுங்கள்.